பூட்டின அறையில் குளிக்கும் சத்தம்

போன மாசம் படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் ஒரு செய்தி என் ஷேர் ஆட்டோவை முந்திக்கொண்டு ஓடியது. செந்தாமரை அக்கா வீட்டு மொட்டை மாடி அறையில் குடியிருக்கிற தென்காசிப் பக்கத்துப் பையன் மகாராஜா, உள்ளே ஒரு பொம்பளையை வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறான். அவள் நாள் முழுக்கக் குளிக்கிறாள். இதுதான் செய்தி.

படப்பை பஸ் ஸ்டாப்பில் புறப்பட்டபோது அவளுக்கு இருபது வயசு. ஒரகடம் மேம்பாலத்தைத் தொட்டபோது அவள் வடநாட்டுப் பெண் ஆகிவிட்டாள். வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுத் திரும்பியவர்கள் அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தையையும் ஏற்றிவிட்டார்கள். மருந்துக் கடை சரோஜா மட்டும் அது பொம்பளையே இல்லை, மோகினி என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே விளக்கமும் கொடுத்தது.

நான் டில்லிபாபு. அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன். யார் எங்கே ஏறுகிறார்கள், யார் எதற்காக ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன், கேட்டால் சொல்வேன். இந்த விஷயத்தில் அந்தக் கதவு திறந்தபோது நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அதனால் நிஜத்தில் நடந்தது இதுதான்.

பெயர்தான் மகாராஜா. உட்காரத் தெரியாத மகாராஜா. என் பக்கத்து சீட்டில் பாதி உடம்பைத்தான் வைப்பான், மீதி வெளியே தொங்கும். வைத்த பாதியிலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். டீயை நின்றுகொண்டே குடிப்பான். பரோட்டாவை நின்றுகொண்டே பிய்ப்பான். வண்டி சிக்னலில் நின்றால், இறங்கித் தள்ளலாமா என்கிற மாதிரி ரோட்டைப் பார்ப்பான்.

“டேய், என் வண்டியே ஆடிக்கினுதான் போவுது. நீ வேற ஆட்டாத.”

“ஆட்டலியே அண்ணாச்சி,” என்பான், ஆட்டிக்கொண்டே.

ஒரகடம் சிப்காட்டில் இரும்புப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. இரும்பைக் கடையும்போது சூடு ஏறாமல் இருக்க, பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒன்றை மிஷினுக்குள் விடாமல் ஊற்றுவார்கள். கூலண்ட் என்று பெயர். அது குறையாமலும் கெட்டுப்போகாமலும் மிஷின் மிஷினாகப் பார்த்து ஊற்றுகிறவன் இவன். கான்ட்ராக்ட் ஆள். வருஷம் முடிவதற்குள் ஒரு தடவை வெளியே அனுப்பிவிடுவார்கள். வேறு கம்பெனி, வேறு கலர் சட்டை, அதே பால் தண்ணீர்.

அந்த லைனில் தாவீது என்று ஒருத்தன் இருந்தான். ஓசூருக்கு வேலை மாறிப் போகும்போது தன்னுடைய பழைய லேப்டாப்பை இவன் தலையில் கட்டிவிட்டுப் போனான். கூடவே ஒரு கேமும். அதைப் பற்றி ஒருநாள் வண்டியில் விசாரித்தேன்.

“எல்லாரும் போன்ல துப்பாக்கியால சுட்டுக்கினு கீறான். நீ இன்னா பண்றே அதுல?”

“எண்ணெய் ஆட்டுதேன் அண்ணாச்சி.”

“செக்கா?”

“செக்கு மாதிரிதான். அந்த ஒலகத்துல எல்லாமே சதுரம். மரம் சதுரம், மாடு சதுரம், சூரியனும் சதுரம். நாம கட்டையும் கல்லும் எடுத்து என்ன வேணும்னாலும் கட்டிக்கிடலாம். மொதல்ல கேம்ல மிஷினெல்லாம் கெடையாது. வெளிய இருந்து பயலுவ மிஷின எழுதிச் சேத்துருக்கானுவ. மோட்னு சொல்லுவாவ. அத வச்சி நான் ஒரு பிளான்ட் போட்டுருக்கேன்.”

“பிளான்ட்டா?”

“வெதைய மிஷினே அறுக்கும், மிஷினே பிழியும். எண்ணெய் பைப்புல போயி பாய்லர்ல காயும். காஞ்சா டீசலாட்டம் ஒண்ணு வரும். அந்த டீசல்ல பம்பு ஓடும். பம்பு கொளத்துல தண்ணிய எடுத்து வயலுக்கு விடும். அந்த வயல்லதான் வெத. மிச்சம் வாற டீசலு டேங்குக்குப் போவும்.”

“போயி?”

“டேங்க் ரொம்பும்.”

“ரொம்பி?”

“ரொம்பிக்கிட்டே இருக்கும். பெரிய டேங்க்.”

“விக்கலாமா?”

“விக்க முடியாது.”

“குடிக்க?”

பின் சீட்டில் பெண்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வெளியே தெரிந்த கம்பெனிச் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“கம்பெனில நான் ஒருநா லீவு போட்டா ஏதாவது நிக்குதா அண்ணாச்சி? இன்னொருத்தன் அந்த வாளியத் தூக்கிருவான். இதுல அப்படி இல்ல. நான் அந்த ஒலகத்துக்குள்ள நின்னாத்தான் பம்பு ஓடும். நான் வெளிய வந்தா அந்தப் பக்கமே அசையாது. பாதி விழுந்த சொட்டு அப்படியே அந்தரத்துல நிக்கும்.”

அதைச் சொல்லும்போது அவன் கால் ஆடவில்லை. நான் கவனித்தேன்.

அந்த பிளான்ட் போட்டதிலிருந்து அவனுக்கு நிம்மதி போயிற்று. ஷிஃப்டில் நிற்கும்போது டேங்க் நினைப்பு. அறைக்கு ஓடிவந்து டேங்க் முன்னால் நின்றால், நாளைக்கு ஷிஃப்டுக்குப் போனால் இது நின்றுவிடுமே என்கிற நினைப்பு. ஷிஃப்ட் முடிந்தும் நின்று செய்கிற ஓ.டி. வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தான். எங்கள் ரோட்டில் ஒருத்தன் ஓ.டி. வேண்டாம் என்று சொன்னால் அதற்கு இரண்டே காரணம்தான் உண்டு. உடம்பு சரியில்லை, அல்லது வீட்டில் புதுப் பொண்டாட்டி. இவன் உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஊரில் அவன் அம்மா உலகம்மாள் பெண் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் இடம், பையன் பெர்மனன்ட் இல்லை என்று போயிற்று. இரண்டாவது இடம் எதற்குப் போனது என்றே தெரியாமல் போயிற்று. மூன்றாவது இடம்தான் கவியா. அவர்களும் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். பெண் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறது. அம்மா கோமதியம்மாள் கூடவே வந்து வாடகை வீட்டில் சமைத்துப் போடுகிறது. பையனும் பெண்ணும் போனில் பேச ஆரம்பித்தாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை உலகம்மாள் ரயிலேறி வந்து, முறைப்படி பெண் பார்ப்பதாக ஏற்பாடு.

“புள்ள எப்படிடா?” என்று கேட்டேன்.

“நல்லா பேசுதா அண்ணாச்சி. நான் சொல்லுததக் கேட்டுட்டு அதுல தப்பும் கண்டுபிடிக்கா.”

“இன்ஸ்பெக்‌ஷன் இல்ல, பின்ன?”

“இதுவும் போச்சுன்னா அம்ம இனிமே பொண்ணு பாக்க மாட்டேன்னு சொல்லிட்டா. எனக்கும் வேற யாரும் வேண்டாம்.” கழுத்துவரை சிவந்துபோய் வெளியே தொங்கிக்கொண்டான்.

இந்த நேரத்தில்தான் செந்தாமரை அக்கா காதில் தண்ணீர் விழுந்தது.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்ற வீட்டுக்காரர்கள் வாடகையை எண்ணுவார்கள், அக்கா தண்ணீரை எண்ணும். மோட்டார் போடுவது காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எந்தக் குழாய் எத்தனை நேரம் திறந்திருக்கிறது என்பதைத் தூங்கிக்கொண்டே சொல்லும். அப்படிப்பட்ட காதில், மகாராஜா வேலைக்குப் போன பிறகு, பூட்டின அறைக்குள்ளிருந்து தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. சளசள என்று ஓடும், நடுவில் குபுகுபு என்று கொப்பளிக்கும். மாடி ஏறிப் போய்ப் பார்த்தால் வெளியே பூட்டு. ஜன்னல் திரைக்குப் பின்னால், எதிர்ப்பக்க வெளிச்சத்தில், ஒரு உருவம் இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகிறது. கதவைத் தட்டினால் பதில் இல்லை, நடையும் நிற்கவில்லை.

அக்கா நேராகப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தது. தண்ணீர் ஒரு விரல்கூடக் குறையவில்லை. அக்காவுக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. என் வண்டியில் ஏறியதும் சொன்னது.

“டில்லி, ஒரு பொம்பள குளிச்சிகினே கீறா. தண்ணி மட்டும் கொறையல. இன்னாடா இது?”

வண்டியில் அன்றைக்கு எட்டுப் பேர். அப்புறம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம், ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு அம்மாவும் பெண்ணும் ஏறினார்கள். அம்மா கையில் துணிப்பை. பெண் காதில் சின்னதாக ஒரு தோடு, காலில் கம்பெனி ஷூ. அம்மா என்னிடம், “படப்பையில செந்தாமரைன்னு ஒரு வீட்டம்மா, மாடியில ரூம் வாடகைக்கு விட்டுருக்காவளாமே, தெரியுமாய்யா?” என்று கேட்டது. அந்தத் தென்காசிப் பேச்சைக் கேட்டதுமே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“ரூம் பாக்கவாம்மா?”

“இல்ல. ரூமுக்குள்ள யாரு இருக்கான்னு பாக்க.”

அவர்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஒரகடத்தில் வேலை செய்கிறாளாம். என் வண்டியில் வந்திருப்பாள்.

மகாராஜாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஷிஃப்டில் போனை லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள். வேறு வழி இல்லை. மற்ற ஆட்களை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டு, இவர்களை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மரியாதைக்காகத்தான். ஆர்வம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

மாடிப்படியில் பாதி ஏறும்போதே சத்தம் கேட்டது. சளசள. குபுகுபு. கோமதியம்மாள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டது. “நான் சொன்னேன்லாடி,” என்று மட்டும் சொன்னது. கவியா நிற்காமல் ஏறிப் போய் ஜன்னலைப் பார்த்தது. திரைக்குப் பின்னால் அந்த உருவம் போயிற்று, வந்தது.

“சாவி இருக்காக்கா?”

“கீதும்மா. நான் தொறக்க மாட்டேன். உள்ள இன்னா கீதோ.”

“குடுங்க. நான் தொறக்கேன்.”

அக்கா சாவியைக் கொடுத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. பூட்டு திறந்தது.

உள்ளே யாருமில்லை. ஜன்னலோரக் கொடியில் ஒரு கம்பெனிச் சட்டை தொங்கியது. ஸ்டூல் மேல் ஒரு டேபிள் ஃபேன், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தது. காற்று வருகிற பக்கமெல்லாம் சட்டை நடந்து போயிற்று. ஃபேன் கம்பியில் ஒரு நூல் கட்டி, அந்த நூல் லேப்டாப் மவுஸுக்குப் போயிருந்தது. மவுஸின் மறுபக்கம் ஒரு ரப்பர் பேண்டு, அது பீரோ காலில். ஃபேன் இழுத்தால் மவுஸ் இப்படி வரும், ரப்பர் இழுத்தால் அப்படிப் போகும்.

ஸ்கிரீனில் ஒரு சதுர ஆள். அவனுக்கு முன்னால் கண்ணாடி டேங்க், பைப், பாய்லர், பின்னால் குளம். தண்ணீர் ஓடுகிறது, எண்ணெய் கொப்பளிக்கிறது. சத்தமெல்லாம் ஸ்பீக்கரிலிருந்துதான். அந்த ஆள் டேங்குக்கு முன்னால் நின்றுகொண்டு, ஃபேன் திரும்பும்போதெல்லாம் தலையைத் திருப்பினான்.

“இன்னாடா டில்லி இது, பொம்மையா?” என்றது அக்கா. உடனே அதற்கு வேறு ஒன்று உறைத்தது. “நாள் பூரா ஃபேனு, கம்ப்யூட்டரு. கரண்டு யார் வூட்டு கரண்டுடா இது?” பேய் போய்விட்டது, மீட்டர் வந்துவிட்டது.

கோமதியம்மாள் மெதுவாக உள்ளே வந்தது. மேலே தகர ஷீட், மத்தியான வெயில். முகமெல்லாம் வேர்வை. கட்டிலில் உட்கார்ந்து, யாராக இருந்தாலும் செய்கிற ஒரு காரியத்தைச் செய்தது. ஃபேனைக் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஆடாமல் நிறுத்திவைத்தது.

நூல் அறுந்தது. கொஞ்ச நேரம் அந்தச் சதுர ஆள் அசையாமல் நின்றான். அப்புறம் ஸ்கிரீன் முழுக்க ஒரு மங்கல் கலர் வந்து, இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. கவியா எழுத்துக்கூட்டாமல் படித்துச் சொன்னது: “அசையாம நின்னதால வெளிய அனுப்பிட்டாவளாம்.”

அந்த சர்வர் அப்படித்தானாம். பல ஊர்ப் பையன்கள் சேர்ந்து விளையாடுகிற இடம். சும்மா நிற்கிறவனைத் தள்ளிவிடும். அதற்காகத்தான் இவன் ஃபேனை வேலைக்கு வைத்திருக்கிறான்.

அப்போது மாடிப்படி தடதடத்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து மகாராஜா ஓடிவந்தான். அவன் எப்போதுமே அப்படித்தான் வருவான். வாசலில் புதுச் செருப்பு இருப்பதையும் பார்க்கவில்லை, நான் கண்ணால் காட்டியதையும் பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த வருங்கால மாமியாரைச் சுற்றிக்கொண்டு நேராக லேப்டாப்புக்குப் போனான்.

“எப்ப நின்னுச்சு?” என்றான். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு முன்னால் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கோமதியம்மாள் எழுந்தது. “பொம்பள இல்ல, சரி. ஆனா வீட்டுக்கு வந்தவள வாங்கன்னு கேக்கத் தெரியாதவனுக்கு எம்மவளக் கொடுக்க முடியாது. வா கவியா, போவம்.”

அவன் அப்போதுதான் திரும்பினான். ஸ்கிரீனைப் பார்த்தான், அறுந்த நூலைப் பார்த்தான், அந்த அம்மா முகத்து வேர்வையைப் பார்த்தான். நூலைத்தான் எடுப்பான் என்று நான் நினைத்தேன். அவன் குனிந்து, ஃபேனில் மீதியிருந்த நூலையும் பிய்த்துப் போட்டுவிட்டு, பட்டனைத் திருகி வேகத்தைக் கூட்டிவைத்தான்.

“உக்காருங்கம்மா. மேல தகரம், கொஞ்சம் காயும். தண்ணி கொண்டு வாறேன்.”

ஓடிப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். கோமதியம்மாள் செம்பை வாங்கிக்கொண்டது, ஆனால் உட்காரவில்லை.

கவியா லேப்டாப் பக்கத்தில்தான் நின்றது. “போன்ல பேசும்போதெல்லாம் தண்ணிச் சத்தம். கக்கூஸ்ல இருந்து பேசுதாவ போலன்னு நெனச்சேன். கேக்கவும் கூச்சம்.”

அக்கா என் முதுகில் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

“இதான் நீங்க சொன்ன பிளான்ட்டா?”

“ஆமா.”

“எல்லாம் தானா நடக்கும்னு சொன்னீங்க.”

“தானாத்தான். ஆள் மட்டும் நிக்கணும்.”

“ஆள் நிக்கணும்னா அது எப்படித் தானா நடக்கிறது?” கவியா குரலை உயர்த்தவில்லை. “எங்க கம்பெனில கேமராவே பாகத்தப் பாத்துரும். நல்லது கெட்டது அதுவே சொல்லிரும். ஆனா பச்ச பட்டன அமுக்க ஒரு ஆள் வேணும், நான் நிக்கேன். ஷிஃப்ட் பூரா நிக்கேன். நீங்க அங்க நின்னுட்டு வந்து, இங்கயும் உங்களயே நிக்க வச்சிருக்கீங்க. கழுத்துல நூலு வேற.”

மகாராஜா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். முழுசாக உட்கார்ந்தான்.

கோமதியம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. தண்ணீரைக் குடித்தது. “குடிக்கிற பழக்கம் உண்டா?” என்று என்னிடம் கேட்டது.

“டீதாம்மா. அதையும் நின்னுகினே குடிப்பான்.”

கவியா வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னது: “ஞாயித்துக்கெழம அத்தையக் கூட்டிக்கிட்டு வாங்க. இத அணைச்சிட்டு வாங்க. நான் ஒண்ணும் தூக்கிப் போடச் சொல்லல. ஆனா நீங்க வரும்போது நீங்க வரணும்.”

ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் டிரிப். பின் சீட்டில் உலகம்மாள், மடியில் பழத்தட்டு. முன்னால் மகாராஜா, கால் தையல் மிஷின் மாதிரி. ஒரகடம் சிக்னலில் என் கையைப் பிடித்தான்.

“அண்ணாச்சி, வண்டியத் திருப்புங்க. அணைச்சேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. ஓடிக்கிட்டே இருந்தா இங்க எனக்கு நெனப்பு நிக்காது.”

“என்னத்தல அணைக்கல?” என்றது உலகம்மாள்.

நான் சமாளிப்பதாக நினைத்து, “கேஸ் அடுப்பும்மா,” என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். “ஐயோ, திருப்புங்கய்யா, வீடு எரிஞ்சிரும்,” என்று அந்த அம்மா என் தோளை உலுக்க ஆரம்பித்துவிட்டது. திருப்பினால் நல்ல நேரம் போய்விடும். திருப்பாவிட்டால் இவன் அங்கே போய் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி உட்காருவான். செந்தாமரை அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அக்கா மூச்சு வாங்க மாடி ஏறி, கதவில் காதை வைத்தது.

“ஒரு சத்தமும் இல்ல டில்லி. நடமாட்டமும் இல்ல. இப்பதான்டா எனக்குப் பயமா கீது.”

மகாராஜா என் கையை விட்டான். கால் ஆடுவது நிற்கவில்லை, ஆனால் கொஞ்சம் குறைந்தது. மறைமலை நகரில் அவன் முதலில் கோமதியம்மாளுக்குக் கும்பிடு போட்டான், அப்புறம் கவியாவைப் பார்த்தான். டேங்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தை மாசம் என்று பேசி முடித்தார்கள்.

ஆனால் எங்கள் ரோடு விடுமா? இப்போது ஓடுகிற செய்தி வேறு. மறைமலை நகர் அம்மா நேரில் வந்து, உள்ளே இருந்தவளை முடியைப் பிடித்து இழுத்துத் துரத்திவிட்டு, அப்புறம்தான் தன் பெண்ணைக் கொடுத்ததாம். அவள் ஈரப் புடவையோடு குன்றத்தூர் பஸ் ஏறியதைப் பார்த்தவர்களே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நேற்று அவன் என் பக்கத்து சீட்டில் வரும்போது கேட்டேன். “பின்னாடி எல்லாரும் கேக்குறாங்கடா. அந்தப் பொம்பளயப் பத்தி நான் இன்னா சொல்லட்டும்?”

அவன் திரும்பி, வண்டி நிறைய இருந்த முகங்களைப் பார்த்தே சொன்னான்:

“பொம்பளையும் கெடையாது, மோகினியும் கெடையாது. அந்த ரூமுக்குள்ள பூட்டிக் கெடந்தவன் நான்தான். குளிக்கவும் இல்ல.”